என்னைக் கேட்காமல் ஏன் தொடங்குகிறாய்?

கணினி மெதுவாகிவிட்டது என்று நம் ஊரில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது. "பழசாயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க." கடைக்காரரும் அதைத்தான் சொல்கிறார், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் தொலைபேசியில் அதையேதான் சொல்கிறார்கள். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர்களுக்கு அது நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய் சமாச்சாரம்.

பல நேரங்களில் கோளாறு இயந்திரத்தின் வயதில் இல்லை என்பது என் கட்சி. ஸ்விட்சைப் போட்டதும் நாம் கூப்பிடாமலே எழுந்து உட்கார்ந்துகொள்ளும் நிரல்கள்தான் முதல் குற்றவாளிகள். அவற்றை எப்படி நிறுத்துவது என்று சொல்லித்தரும் கட்டுரைகளும் காணொளிகளும் ஏராளம். நான் கேட்பது அதற்கு முந்தைய கேள்வி. அவை ஏன் நம்மைக் கேட்காமல் உள்ளே வந்தன?

இந்தக் கோபம் எனக்கு வருவதற்கு நான் கணினியைக் கற்றுக்கொண்ட விதமும் ஒரு காரணமாக இருக்கலாம். வங்கிகளைக் கணினிமயமாக்க வேண்டும் என்று ரங்கராஜன் குழு 1984-இல் சொன்னது. அதன் பிறகு சில வருடங்கள் கழித்து எங்கள் கிளைக்கும் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. குளிர்சாதன அறை, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்று ஏகப்பட்ட மரியாதை அதற்கு. ஓடியது டாஸ். அதில் ஆட்டோஎக்ஸெக்.பேட் என்று ஒரு கோப்பு உண்டு. கணினி எழுந்ததும் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரி வரியாக அதில் எழுதி வைத்திருப்போம். தேதியைக் கேள், அச்சுப்பொறிக்கு வேண்டியதை ஏற்று, லெட்ஜர் நிரலைத் தொடங்கு. அவ்வளவுதான். ஏதாவது ஒரு வரி வேண்டாமென்றால் அதன் முன்னால் 'ரெம்' என்று மூன்று எழுத்து அடித்தால் போதும், கணினி அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். கணினி எழுந்ததும் என்ன செய்யப் போகிறது என்பது முழுவதும் ஒரே திரையில், நாமே படித்துப் புரிந்துகொள்ளும்படி இருந்தது.

அப்போதும் பின்னணியில் தங்கிக்கொள்ளும் நிரல்கள் இல்லாமல் இல்லை. போர்லாண்ட் நிறுவனத்தின் சைட்கிக் 1984-இல் வந்தது. ஒரு விசையை அழுத்தினால் கால்குலேட்டரும் குறிப்பேடும் திரையில் வந்து நிற்கும். ஆனால் டாஸ் நிரல்களுக்கு இருந்த இடமே 640 கிலோபைட்தான். அதில் எவன் வந்து உட்கார்ந்தாலும் உடனே தெரிந்துவிடும், லெட்ஜர் நிரல் 'நினைவகம் போதாது' என்று நின்றுவிடும். வறுமையில் ஒரு நேர்மை இருந்தது.

பிறகு கதவுகள் பெருகின. விண்டோஸ் 3.1-இல் ஸ்டார்ட்-அப் என்று ஒரு குழு இருந்தது. எந்த நிரல் தானாகத் தொடங்க வேண்டுமோ அதன் படத்தை இழுத்து அதில் போட வேண்டும். இதுகூட ஒழுங்கான ஏற்பாடுதான். விண்டோஸ் 95 வந்தபோது அந்தக் குழு ஸ்டார்ட்-அப் என்ற கோப்புறையாக மாறியது. கூடவே ரெஜிஸ்ட்ரி என்ற பெரிய பதிவேட்டுக்குள் 'ரன்' என்று ஓர் இடம் கிடைத்தது. சாதாரண ஆசாமி எட்டிக்கூடப் பார்க்காத இடம் அது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. நிரலை நிறுவும்போதே சத்தமில்லாமல் அங்கே ஒரு வரியை எழுதிவிட்டுப் போனார்கள். இவை போதாதென்று சர்வீஸ்கள், டாஸ்க் ஷெட்யூலர் என்று இன்னும் சில வழிகள். இப்போது எத்தனை வாசல் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஆட்டோரன்ஸ் என்ற இலவச நிரலை ஒருமுறை திறந்து பாருங்கள். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதியது. அவர்களுடைய நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2006-இல் வாங்கிக்கொண்டது. மேலே வரிசையாக இருக்கும் தாவல்களைப் பார்த்தாலே தலை சுற்றும். ஒரு வீட்டுக்கு இத்தனை வாசலா என்று தோன்றும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். சாயங்காலம் ஐந்தாறு பிள்ளைகளுக்கு லேப்டாப் வழியாகக் கணக்குப் பாடம் எடுக்கிறார். சம்பளத்துக்காக இல்லை, சும்மா இருக்கப் பிடிக்காமல். சென்ற வருடம் ஒருநாள் வந்து, "சார், ஆறு மணி வகுப்புக்கு அஞ்சே முக்காலுக்கே ஆன் பண்ண வேண்டியிருக்கு. புதுசுக்குச் சொல்லிட்டேன், முன்பணம் நாளைக்குக் கட்டணும்" என்றார். "ஒரு நாள் பொறுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். 4 ஜி.பி. ரேம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்-அப் பகுதியில் பதினான்கு பெயர்கள். அவர் என்றோ ஒருமுறை பயன்படுத்திய கூட்டச் செயலிகள் இரண்டு. வீட்டில் இப்போது இல்லவே இல்லாத ஓர் அச்சுப்பொறியின் 'உதவியாளர்'. பேரன் விடுமுறைக்கு வந்தபோது ஏற்றிய விளையாட்டுக் கடை. பாட்டுச் செயலி. இரண்டு உலாவிகள். வாங்கும்போதே கூட வந்த நாலைந்து. "இதையெல்லாம் நான் போடவே இல்லையே சார்" என்றார். நிறுவியதில் சிலது அவரோ பேரனோதான். ஆனால் தினமும் முதல் ஆளாக எழுந்து உட்கார் என்று எதற்கும் யாரும் சொல்லவில்லை.

சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் இது ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதற்கு வங்கியிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். ரெக்கார்டு ரூமில் ஒரே ஓர் ஆள். காலை பத்து மணிக்குப் பதினான்கு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு லெட்ஜரைக் கேட்டால் என்ன ஆகும்? அவர் ஒருவருக்கு அரை லெட்ஜரை எடுப்பதற்குள் அடுத்தவர் கூப்பிடுவார், இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடியே களைத்துப் போவார். வட்டில் படிக்கும் முனையின் பாடும் அதுதான். எஸ்.எஸ்.டி.யில் அப்படி ஓட வேண்டிய முனை கிடையாது, அதனால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. ரேம் கதை வேறு. எந்த டிஸ்க் ஆனாலும் வேண்டாதவர்கள் உட்கார்ந்த இடம் உட்கார்ந்த இடம்தான்.

பதினான்கில் ஒன்பதை 'டிசேபிள்' செய்தோம். ரீஸ்டார்ட் கொடுத்துக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். முன்பு ஒன்பது நிமிடம் எடுத்தது இப்போது நான்கில் வந்தது. (அளந்து பார்க்கிறவர்கள் ரீஸ்டார்ட் கொடுத்தே பாருங்கள். விண்டோஸ் 8-லிருந்து இருக்கும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப்' வசதியால், 'ஷட் டவுன்' செய்தால் கணினி முழுதாக அணைவதில்லை.) நான்கு நிமிடமும் அதிகம்தான். அடுத்த மாதம் பழைய டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடச் சொன்னேன், சில ஆயிரத்தோடு முடிந்தது. டீச்சர் இன்றைக்கும் அதே லேப்டாப்பில்தான் பாடம் எடுக்கிறார். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: ஸ்டார்ட்-அப்பைச் சுத்தம் செய்ததைவிட டிஸ்க் மாற்றியதில்தான் அதிக மாற்றம் தெரிந்தது. ஆனால் முதலாவதற்குக் காசு செலவில்லை. அதோடு, அந்தப் பெட்டியின் ஆயுள் முடியவில்லை என்று அவர் நம்பியதே அதன் பிறகுதான்.

அந்த ஸ்டார்ட்-அப் பட்டியலில் 'இம்பாக்ட்' என்று ஒரு கட்டம் இருக்கும். ஹை, மீடியம், லோ என்று போட்டிருக்கும். தொடங்கும்போது செயலியின் நேரத்தில் ஒரு விநாடிக்கு மேல் அல்லது டிஸ்கில் 3 எம்.பி.க்கு மேல் எடுத்துக்கொண்டால் அது ஹை. மூன்று எம்.பி. என்பது இன்றைக்கு ஒரு புகைப்படம். அதனால் ஹை என்று கண்டதும் பதற வேண்டாம். எது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துத் தீர்மானிப்பதுதான் நல்லது.

பதற்றத்தில் எல்லாவற்றையும் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அஞ்சல் துறையில் ஓய்வுபெற்ற என் நண்பர் ஒருவர் வீட்டுக் கணினியிலேயே ஜீவன் பிரமாண் வழியாக வாழ்நாள் சான்று கொடுப்பவர். 2014 நவம்பரில் அந்தத் திட்டம் வந்த பிறகு நம் வயதுக்காரர்களுக்கு எவ்வளவு அலைச்சல் மிச்சம் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் ஏதோ காணொளியைப் பார்த்துவிட்டு 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து, சர்வீஸ் பகுதியில் மைக்ரோசாஃப்ட் சம்பந்தப்பட்டதை மறைத்துவிட்டு, மீதி எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் நிறுத்திவிட்டார். நவம்பர் வந்தது. கைரேகைக் கருவியைச் செருகினால் விளக்கு எரிகிறது, மென்பொருளோ கருவியே இல்லை என்கிறது. கருவி போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கக் கிளம்பியவரைத் தடுத்து நிறுத்திப் பார்த்தேன். ஆதார் சரிபார்ப்புக்கான கைரேகைக் கருவிகள் 'ஆர்.டி. சர்வீஸ்' என்ற ஒன்றின் மூலம்தான் பேசும். அது விண்டோஸ் எழும்போதே தானாகத் தொடங்கிப் பின்னணியில் காத்திருக்க வேண்டியது. அதையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறார். திரும்ப டிக் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, விரலை வைத்தார். சான்று போய்ச் சேர்ந்தது.

ஆகவே தானாகத் தொடங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்ய நான் பயன்படுத்தும் என்.எச்.எம். ரைட்டரும் விண்டோஸோடு சேர்ந்துதான் எழுந்திருக்கிறது. அது எழுந்திருக்காவிட்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி. ஒலி, டச்பேட் சம்பந்தப்பட்டவை இருக்கட்டும். புகைப்படங்களை ஒன்டிரைவில் சேமிக்கிறவர்கள் அதை நிறுத்தினால், அடுத்து அதைத் திறக்கும்வரை புதிய படங்கள் மேலே போகாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று ஒரு பெயர் பட்டியலில் இருக்கும். அது கடிகாரத்தின் பக்கத்தில் தெரியும் கேடயப் படம் மட்டுமே, நிறுத்தினால் படம்தான் மறையும், பாதுகாப்பு நிற்காது. இருந்தாலும் அதைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிற விஷயம். அதனால்தான் அந்த முடிவு கணினிக்குச் சொந்தக்காரரிடம் இருக்க வேண்டும் என்கிறேன்.

இதற்கு என் மருமகன் ஒரு பதில் வைத்திருக்கிறார். அவர் மென்பொருள் துறையில் இருக்கிறார். "மாமா, ஒவ்வொண்ணுக்கும் கேட்டா ஜனங்க எரிச்சலாயிடுவாங்க. படிக்காம ஓகே தான் அழுத்துவாங்க. நாங்க வசதிக்குத்தான் பண்றோம், கிளிக் பண்ணினா உடனே திறக்கணும் இல்லையா?" முதல் பாதியில் நியாயம் உண்டு. நானே எத்தனையோ ஒப்பந்தங்களைப் படிக்காமல் ஒப்புக்கொண்டவன். ஆனால் யாருடைய வசதி? மாதம் ஒருமுறை திறக்கும் செயலி ஐந்து விநாடி சீக்கிரமாகத் திறப்பதற்காக, மீதி இருபத்தொன்பது நாளும் மற்ற எல்லா வேலையும் தாமதமாகத் தொடங்குவது எனக்கு வசதி இல்லை, அந்த நிறுவனத்துக்கு வசதி. தன் செயலி வேகமானது என்று பெயர் வாங்கிக்கொள்கிறது. மெதுவானதற்கான பழி கணினிமேல் விழுகிறது. என் பொருளை எடுத்துத் தன் கணக்கில் வரவு வைப்பதற்கு வங்கியில் வேறு பெயர் சொல்வோம்.

கேட்காமல் நுழைவது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஒரு பழைய விவகாரம் இருக்கிறது. 2005-இல் சோனி பி.எம்.ஜி. நிறுவனம் வெளியிட்ட சில இசை சி.டி.க்களில் படியெடுப்பதைத் தடுக்க ஒரு மென்பொருளைச் சேர்த்திருந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய சி.டி.யைக் கணினியில் போட்டுப் பாட்டுக் கேட்டால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் தானாகத் தொடங்கும். ஏதாவது கோளாறு என்றால் நாம் நுழைந்து பார்க்கும் 'சேஃப் மோட்'-இலும் தொடங்கும். அதுமட்டுமல்ல, தன் கோப்புகள் எதுவும் யார் கண்ணிலும் படாதபடி மறைத்தும் வைத்தது. இதைக் கண்டுபிடித்து அந்த வருடம் அக்டோபர் 31-ஆம் தேதி எழுதியவர், மேலே சொன்ன அதே மார்க் ருசினோவிச். அதைக் கையால் பிடுங்கி எறிந்தபோது அவருடைய சி.டி. டிரைவே வேலை செய்யாமல் போயிற்று. பெரிய ரகளை. நவம்பரில் அந்த சி.டி.க்களைத் திரும்பப் பெற்றார்கள். 2007 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டில், கணினி பழுதானவர்களுக்கு 150 டாலர் வரை தருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

இது வைரஸ் எழுதும் திருடன் செய்த வேலை இல்லை, பாட்டு விற்கும் பெரிய கம்பெனி செய்தது. எழுந்தவுடன் முதல் ஆளாக நுழைவது வைரஸ்களின் பழைய வித்தை. 1986-இல் லாகூரிலிருந்து கிளம்பிய 'பிரெயின்', ஃபிளாப்பியின் பூட் செக்டரில்தான் உட்கார்ந்திருந்தது. மற்ற எதுவும் ஓடுவதற்கு முன்னால் அது ஓடிவிடும். தினமும் எழும் நிரல்களின் பட்டியலில் நமக்குத் தெரியாத முப்பது பெயர் இருந்தால், முப்பத்தோராவதாக ஒரு திருடன் சேர்ந்தால் எப்படித் தெரியும்? வேகத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய கவலை. நம்மில் பலர் அதே கணினியில்தான் வங்கிக் கணக்கையும் திறக்கிறோம்.

இதை மாற்ற முடியாது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். யு.எஸ்.பி. குச்சியைச் செருகினால் அதிலுள்ள நிரல் தானாக ஓடும் வசதி ஒரு காலத்தில் விண்டோஸில் இருந்தது. 2008-இல் கிளம்பிய கான்ஃபிக்கர் போன்றவை அந்த வழியாகவும் பரவின. விண்டோஸ் 7-இல் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தியது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்.பி.க்கும் விஸ்டாவுக்கும்கூட ஒரு புதுப்பிப்பு அனுப்பி நிறுத்தியது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. குச்சியைச் செருகி நாமே திறந்துகொள்கிறோம். அதேபோல, விண்டோஸ் 10-இலிருந்து மைக்ரோசாஃப்டின் புதுவகைச் செயலிகள் தானாகத் தொடங்க விரும்பினால் பயனரிடம் ஒரு பெட்டி போட்டு அனுமதி கேட்க வேண்டும். வேண்டாமென்று நாம் பட்டியலில் நிறுத்திவிட்டால் செயலி தானே திரும்ப இயக்கிக்கொள்ள முடியாது. நல்ல விதி. ஆனால் நாம் பெரும்பாலும் நிறுவும் பழைய வகை நிரல்களுக்கு அந்த விதி கிடையாது. கேட்கத் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் கேட்கச் சொல்வதற்கு என்ன தடை?

ஆப்பிள் 2022-இல் வெளியிட்ட மேக்ஓஎஸ் வென்சுராவில், ஒரு செயலி பின்னணியில் தொடங்க ஏற்பாடு செய்துகொண்டால் ஓர் அறிவிப்பு வருகிறது. விண்டோஸ் 11-இலும் பிறகு அதுபோல் ஒன்று வந்தது. பரவாயில்லை, ஒரு படி முன்னேற்றம். ஆனால் 'உங்கள் வீட்டில் ஒருவர் குடிவந்துவிட்டார்' என்று தகவல் சொல்வதும் 'வரலாமா' என்று கேட்பதும் ஒன்றா? ஆண்ட்ராய்டு தொலைபேசியில் நிலைமை இன்னும் மோசம். தொலைபேசி எழுந்ததும் தானும் தொடங்குவதற்கு ஒரு தனி அனுமதி உண்டு, ஆனால் செயலியை நிறுவும்போதே அது தானாகக் கிடைத்துவிடும். நம்மைக் கேட்பதே இல்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் கணினியை மாற்ற வேண்டியிருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது வேறு கணக்கு, பாதுகாப்பு பற்றியது, அதைத் தனியாக எழுத வேண்டும். புதிய கணினி வாங்குகிறவர்களுக்கு இப்போதைக்கு ஒன்று சொல்கிறேன். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் ஒன்றுமே நிறுவாத நிலையிலும் அங்கே பெயர்கள் இருக்கும். ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து எது புதிதாக வந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். சந்தேகமான பெயரை 'டிசேபிள்' செய்தால் போதும். அது அழிந்துவிடாது, வேண்டுமானால் திரும்பக் கொண்டுவரலாம். ஆட்டோரன்ஸில் மட்டும் 'டெலீட்' பக்கம் போகாதீர்கள், டிக்கை எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் கணினியில் இப்போது ஐந்து பெயர்கள் மட்டும் இருக்கின்றன. ஐந்துக்கும் காரணம் கேட்டால் என்னால் சொல்ல முடியும். ஆறாவதாக அச்சுப்பொறிக்காரரின் ஒன்று அவ்வப்போது வந்து சேர்கிறது. ஒவ்வொரு முறை அந்த மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போதும் பெயரை லேசாக மாற்றிக்கொண்டு புது ஆள்போல வந்து நிற்கும். போன வாரமும் வந்திருந்தது.